பணம் கணக்கில் ஏறட்டும், பிறகு சாவி

இந்தப் பாடத்தில் நாம் அறியப் போவது

பழைய காரை நாமே விற்கும்போது பணத்தை எப்படி வாங்குவது?
எந்தப் பணம் உண்மையில் வந்த பணம்? எது வந்ததுபோல் காட்டும் பணம்?
எந்தத் தாளில், எப்போது கையெழுத்துப் போடுவது?

காரை விற்பது ஆடு மாடு விற்பது போல அல்ல. ஆட்டைப் பிடித்துக் கொடுத்தால் வியாபாரம் முடிந்தது. காரில் இரண்டு பொருள் கைமாறுகின்றன. ஒன்று வண்டி. இன்னொன்று வண்டியின் பெயர், அதாவது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள உரிமை. இந்த இரண்டுக்கும் எதிராக நம் கைக்கு வருவது ஒன்றே ஒன்றுதான். அது பணம். அந்தப் பணம் வராமல் வண்டி போய்விட்டால், பின்னால் ஓடிப் பிடிப்பது கடினம்.

இந்தப் பாடத்தில் செல்வி அக்கா என்பவரின் கதை வருகிறது. செல்வி அக்காவும் அவர் குடும்பமும் பாடத்திற்காக எழுதிய கதை மாந்தர்கள். ஆனால் கதையில் வரும் சட்டங்களும் வங்கி விதிகளும் உண்மையானவை. கதையை உரக்கப் படியுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்திப் பேசுங்கள்.

1. ராணுவக்காரர் பேசுகிறார்

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் செல்வி அக்கா வாழ்கிறார். தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதன் பிறகு அந்த ஊர் மக்கள் பலர் வேலைக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள். செல்வி அக்கா ஊரிலேயே தையல் கடை வைத்திருக்கிறார். மாலையில் படிப்பு மையத்துக்கு வருவார். அங்கேதான் எழுத்தும் எண்ணும் கற்றார்.

வீட்டில் ஒரு மாருதி வேகன்-ஆர் கார் இருந்தது. 2014ஆம் ஆண்டு வண்டி. செல்வி அக்காவின் பெயரில் இருந்தது. அவர் கணவருக்குச் சர்க்கரை நோயால் கண் பார்வை குறைந்துவிட்டது. வண்டி ஓட்ட ஆள் இல்லை. மகள் கவிதா நர்சிங் படிக்கிறாள். செவ்வாய்க்கிழமைக்குள் 85,000 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும். காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். கவிதா போனில் விளம்பரம் போட்டாள். விலை 2,50,000 ரூபாய்.

புதன்கிழமை ஒரு போன் வந்தது.

"நான் ராணுவத்தில் வேலை செய்கிறேன். விளம்பரம் பார்த்தேன். வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. 2,50,000 சரி. இப்போதே 10,000 ரூபாய் முன்பணம் அனுப்புகிறேன்."

வண்டியைப் பார்க்கவில்லை. விலையும் குறைக்கவில்லை. கவிதாவுக்கு மகிழ்ச்சி. அடுத்த நிமிடம் போனில் ஒரு கட்டம் கட்டமான படம் வந்தது. அது ஒரு கியூ.ஆர். படம்.

"இதை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க. பணம் உங்க கணக்குல விழும்" என்றார் அவர்.

கவிதா போனைத் தூக்கினாள். செல்வி அக்கா அவள் கையைப் பிடித்தார்.

"கடைக்காரருக்குப் பணம் கொடுக்கும்போது நீ என்ன பண்ணுவே?"

"ஸ்கேன் பண்ணி, பின் போடுவேன்மா."

"அப்போ பின் போடுறது பணம் கொடுக்கத்தானே? வாங்குறதுக்கு எதுக்குடி பின்?"

கவிதா இந்தக் கேள்வியைப் போனில் கேட்டாள். போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை.

தெரிந்துகொள்வோம்

யு.பி.ஐ. என்பது போன் மூலம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் அனுப்பும் முறை. 2016ஆம் ஆண்டு வந்தது. இதில் பின் என்பது நம் பணப்பெட்டியின் சாவி. பின் போட்டால் பணம் வெளியே போகும். உள்ளே வராது.

பணம் வாங்க ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. பின் போட வேண்டியதில்லை. ஓ.டி.பி. சொல்ல வேண்டியதில்லை. நம் யு.பி.ஐ. முகவரி அல்லது கணக்கு எண்ணும் ஐ.எப்.எஸ்.சி. எண்ணும் போதும்.

ராணுவ உடுப்பில் படமும் அடையாள அட்டையும் அனுப்பி ஏமாற்றுவது பல மாநிலங்களில் நடந்திருக்கிறது. ராணுவம் என்றால் நமக்கு மரியாதை. அந்த மரியாதையைத்தான் திருடன் பயன்படுத்துகிறான். உடுப்பைப் பார்க்காதீர்கள். கேட்பதைப் பாருங்கள்.

2. குறுஞ்செய்தி வந்தது, பணம் வரவில்லை

வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் நேரில் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். விலையும் பேசினார். பிறகு போனை எடுத்து ஏதோ அழுத்தினார்.

"அக்கா, 2,30,000 அனுப்பிட்டேன். இதோ பாருங்க."

போனில் பச்சை நிறத்தில் ஒரு குறி தெரிந்தது. 'வெற்றி' என்று எழுதியிருந்தது. அதே நேரம் செல்வி அக்காவின் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'உங்கள் கணக்கில் 2,30,000 ரூபாய் வரவு' என்றது.

"சாவி கொடுங்க அக்கா. இருட்டுறதுக்குள்ள போகணும்."

செல்வி அக்கா குறுஞ்செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு யார் அனுப்பியது என்று பார்த்தார். மேலே பத்து இலக்க மொபைல் எண் இருந்தது. தன் வங்கியிலிருந்து வந்த பழைய செய்தியைத் திறந்தார். அதில் எண் இல்லை. வங்கியின் பெயர் எழுத்துகளில் இருந்தது.

"தம்பி, கொஞ்சம் இருங்க. கவிதா, வங்கி ஆப்ல இருப்பு எவ்வளவு, பாரு."

இருப்பு 6,140 ரூபாய். காலையில் இருந்ததும் அதே 6,140 ரூபாய்.

"சர்வர் மெதுவா இருக்கு அக்கா. ராத்திரிக்குள்ள ஏறிடும்."

"ஏறட்டும் தம்பி. ஏறினதும் போன் பண்றேன். வந்து வண்டியை எடுத்துக்கோங்க."

அவர் போனார். திரும்பி வரவில்லை. பணமும் ஏறவில்லை.

தெரிந்துகொள்வோம்

அடுத்தவர் போனில் தெரியும் படம் நமக்குச் சாட்சி அல்ல. அதுபோன்ற படத்தைப் போலியாகச் செய்யும் ஆப்கள் உள்ளன. குறுஞ்செய்தியும் சாட்சி அல்ல. வங்கி அனுப்பியதுபோல் யாரும் ஒரு செய்தியை எழுதி அனுப்ப முடியும்.

நமக்குச் சாட்சி ஒன்றே ஒன்றுதான். அது நம் கணக்கின் இருப்பு. அதை நாமே பார்க்க வேண்டும். நம் போனில், நம் வங்கி ஆப்பில் பார்க்கலாம். ஆப் இல்லாதவர்கள் வங்கியில் பாஸ்புத்தகம் அச்சிட்டுப் பார்க்கலாம்.

முன்னால் இருந்த இருப்பைத் துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். பணம் வந்த பிறகு உள்ள இருப்பையும் எழுதுங்கள். கழித்துப் பாருங்கள். பேசிய தொகை வருகிறதா?

இன்னொரு தந்திரமும் உண்டு. "தவறுதலாக 20,000 அதிகம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்பார்கள். இருப்பைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடத் திருப்பி அனுப்பக் கூடாது. உண்மையிலேயே அதிகமாக வந்திருந்தால் வங்கிக்குப் போய், வங்கி வழியாகவே திருப்புங்கள்.

3. நல்லவரிடமும் ஒழுங்கு வேண்டும்

சனிக்கிழமை காலை பங்காருப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். தம்பியின் கல்யாணம் மறுநாள் என்றார். வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேட்டார். அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தார் செல்வி அக்கா. கவிதாவும் அக்காவும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்கள். ராபர்ட்சன்பேட்டை வரை போய்த் திரும்பினார்கள்.

விலை பேசினார்கள். 2,40,000 ரூபாய்க்கு முடிந்தது. 10,000 ரூபாய் முன்பணத்தை யு.பி.ஐ. மூலம் அனுப்பினார். செல்வி அக்கா இருப்பைப் பார்த்தார். 6,140 இருந்தது 16,140 ஆகியிருந்தது. முன்பண ரசீது எழுதிக் கொடுத்தார்.

மீதி 2,30,000 ரூபாய். இங்கேதான் சிக்கல் வந்தது. அன்று இரண்டாவது சனிக்கிழமை. வங்கி விடுமுறை.

"அக்கா, செக் எழுதித் தர்றேன். வண்டியை இப்பவே கொடுங்க. கல்யாணத்துக்கு வேணும்."

"செக் பணமாகணும் தம்பி. வங்கி திறந்தாதானே ஆகும்?"

"சரி, ரொக்கமா தர்றேன். வீட்டுல இருக்கு. முழுசா 2,30,000."

செல்வி அக்கா யோசித்தார். படிப்பு மையத்தில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது.

"ரெண்டு லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கக் கூடாது தம்பி. வாங்குறவங்க மேலதான் அபராதம் வரும்."

"போன்லயே அனுப்பிடலாம்னா என் வங்கியில ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும். ஏன் அக்கா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

வாசலில் உட்கார்ந்திருந்த கணவர் மெல்லச் சொன்னார். "செவ்வாய்க்கிழமை ஃபீஸ் கட்டணும். இந்த ஆளும் போயிட்டா?"

செல்வி அக்கா சொன்னார். "ஆள் போனா இன்னொருத்தர் வருவார். வண்டி போனா திரும்பி வராது." பிறகு வந்தவரைப் பார்த்துச் சொன்னார். "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லை தம்பி. முன்பணம் ஒழுங்கா கொடுத்தீங்க. திங்கட்கிழமை காலைல ரெண்டு பேரும் வங்கிக்குப் போவோம். உங்க கணக்குல இருந்து என் கணக்குக்கு மாத்துங்க. அங்கேயே கையெழுத்துப் போட்டுச் சாவி தர்றேன். உங்களுக்கும் அதுதானே பாதுகாப்பு? நாளைக்கு நான் பணமே வரலைன்னு சொல்ல முடியாது பாருங்க."

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு சிரித்தார். "சரி அக்கா. கல்யாணத்துக்கு வாடகை வண்டி வச்சுக்கிறேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு வர்றேன்."

தெரிந்துகொள்வோம்: ரொக்கம்

ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. இந்தத் தடை 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. மீறினால் எவ்வளவு வாங்கினோமோ அவ்வளவும் அபராதமாக வரலாம். அபராதம் வாங்கியவருக்குத்தான்.

"இன்று ஒரு லட்சம், நாளை ஒரு லட்சத்து முப்பதாயிரம் என்று பிரித்து வாங்கலாமே?" என்று சிலர் கேட்பார்கள். கூடாது. வண்டி ஒன்று, விற்பனை ஒன்று. அதனால் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

2 லட்சத்துக்குக் குறைந்த விலை என்றால் ரொக்கம் வாங்கலாம். ஆனால் வீட்டில் வாங்காதீர்கள். இரவில் வாங்காதீர்கள். வங்கியில் வைத்து வாங்குங்கள். அங்கேயே எண்ணிக் கணக்கில் கட்டுங்கள். கள்ள நோட்டு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

500 ரூபாய் நோட்டைச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் உள்ள பாதுகாப்பு இழையின் நிறம் பச்சையிலிருந்து நீலமாக மாறும். வெளிச்சத்தில் பிடித்தால் காந்தியின் நீரோட்ட உருவம் தெரியும்.

2,000 ரூபாய் நோட்டை வாங்காதீர்கள். அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி 2023ஆம் ஆண்டு மே 19 அன்று அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 7க்குப் பிறகு சாதாரண வங்கிக் கிளைகளில் அதை மாற்ற முடியாது.

தெரிந்துகொள்வோம்: காசோலையும் வரைவோலையும்

காசோலை என்பது பணம் அல்ல. பணம் தருவதாக எழுதிய தாள். எழுதியவர் கணக்கில் பணம் இல்லாவிட்டால் அது திரும்பி வரும். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 4 முதல், வங்கி நாளில் கட்டிய காசோலைக்குப் பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடுகிறது. ஆகவே ஒரு நாள் பொறுப்பதில் நட்டமில்லை. பணம் ஏறியது என்று வங்கி சொல்லும் வரை வண்டி வீட்டில் நிற்கட்டும்.

காசோலை, அதில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும்.

காசோலை திரும்பி வந்தால் வங்கி ஒரு சீட்டுக் கொடுக்கும். அதைப் பத்திரமாக வையுங்கள். அந்தத் தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இந்தக் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நாள் தவறினால் வழக்குச் சிக்கலாகும். ஆகவே சீட்டு வந்த அன்றே வக்கீலையோ இலவசச் சட்ட உதவி மையத்தையோ பாருங்கள்.

வரைவோலை, அதாவது டி.டி., காசோலையைவிட நல்லது. அதற்கு உரிய பணத்தை வங்கி முன்பே வாங்கிக்கொள்கிறது. ஆனால் போலி டி.டி.யும் உண்டு. 2018 செப்டம்பர் 15 முதல், வரைவோலையின் முகப்பில் அதை வாங்கியவர் பெயரும் அச்சிடப்படுகிறது. அந்தப் பெயரும் வண்டி வாங்குபவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். டி.டி. கொடுத்த வங்கிக் கிளைக்கே போய்க் கேளுங்கள். வாங்குபவர் கொடுக்கும் போன் எண்ணில் விசாரிக்காதீர்கள். அந்தப் பக்கம் பேசுவது அவருடைய கூட்டாளியாக இருக்கலாம்.

4. திங்கட்கிழமை, வங்கியில்

சொன்னபடி பத்து மணிக்கு அவர் வந்தார். இருவரும் அவருடைய வங்கிக் கிளைக்குப் போனார்கள். செல்வி அக்கா தன் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கொடுத்தார். அதைப் பார்த்து, படிவத்தில் கணக்கு எண்ணை எழுதினார்கள். செல்வி அக்கா ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துச் சரிபார்த்தார்.

எழுத்தர் கேட்டார். "என்.இ.எப்.டி.யா, ஆர்.டி.ஜி.எஸ்.ஸா?"

"2,30,000 ரூபாய். எது சீக்கிரம் போகும்?"

"ரெண்டு லட்சத்துக்கு மேலே. ஆர்.டி.ஜி.எஸ். போடலாம்மா. உடனே போகும்."

பணம் அனுப்பியதற்கு யு.டி.ஆர். என்ற ஓர் எண் கொடுத்தார்கள். அதை இருவரும் குறித்துக்கொண்டார்கள். வாங்குபவர் சாவிக்குக் கை நீட்டவில்லை. அவருக்கும் புரிந்துவிட்டது. இருவரும் நடந்து செல்வி அக்காவின் வங்கிக்குப் போனார்கள். பாஸ்புத்தகத்தை இயந்திரத்தில் வைத்தார்கள். கடைசி வரியில் 2,30,000 வரவு. அனுப்பியவர் பெயர் இருந்தது. இருப்பு 2,46,140 ரூபாய்.

செல்வி அக்கா பையிலிருந்து பேனாவை எடுத்தார். படிவம் 29லும் படிவம் 30லும் கையெழுத்துப் போட்டார். ரசீதில் தேதியும் நேரமும் எழுதினார். மதியம் 12 மணி 40 நிமிடம். அதன் பிறகுதான் சாவி கைமாறியது. மறுநாள் கவிதாவின் கட்டணம் கட்டப்பட்டது.

தெரிந்துகொள்வோம்

ஆர்.டி.ஜி.எஸ். மூலம் 2 லட்சமும் அதற்கு மேலும் அனுப்பலாம். என்.இ.எப்.டி.க்குக் குறைந்த அளவு இல்லை. அது அரை மணிக்கு ஒரு முறை தொகுப்பாகப் போகும். ஐ.எம்.பி.எஸ். மூலம் 5 லட்சம் வரை உடனே அனுப்பலாம். என்.இ.எப்.டி. 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் இரவு பகலாக எல்லா நாளும் நடக்கின்றன. வங்கி ஆப் வைத்திருப்பவர்கள் விடுமுறையிலும் அனுப்பலாம். ஆனால் கிளையில் போய் அனுப்ப, கிளை திறந்திருக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். பணம், வாங்குபவருடைய சொந்தக் கணக்கிலிருந்து வர வேண்டும். "என் நண்பர் அனுப்புவார்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த நண்பர் யாரோ ஒருவரை ஏமாற்றிய பணமாக அது இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் போலீஸ் அந்தப் பணம் போன வழியைத் தேடி வரும். நம் கணக்கு முடக்கப்படலாம். வண்டியும் போய், பணமும் முடங்கி, காவல் நிலையத்துக்கும் நாம்தான் நடக்க வேண்டியிருக்கும்.

5. பணம் வாங்கியாயிற்று, வேலை முடியவில்லை

பணம் வந்ததும் பலர் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். ஆர்.சி.யில் பெயர் மாறாமல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். நாளை அந்த வண்டி ஒருவர் மேல் மோதினால் என்ன ஆகும்? உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே வண்டியின் உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. அந்த வழக்கில் வண்டி பலர் கைமாறியிருந்தது. ஆனாலும் பதிவில் பெயர் உள்ளவரைத்தான் நீதிமன்றம் பொறுப்பாக்கியது. வாங்கிய 2,40,000 ரூபாயைவிட அதிகம் கொடுக்க வேண்டிவரலாம்.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எழுதிய பிறகே போடுங்கள். இடைத்தரகர் "வெறும் கையெழுத்துப் போதும்" என்றால் மறுத்துவிடுங்கள்.

விற்ற 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு, அதாவது ஆர்.டி.ஓ.வுக்கு, விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29 அதற்குத்தான். இது ஒரே மாநிலத்துக்குள் விற்றால். வாங்குபவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

வாங்குபவர் வேறு மாநிலம் என்றால் தடையில்லாச் சான்று வேண்டும். அதற்குப் படிவம் 28. தங்கவயலிலிருந்து சிறிது தூரம் போனால் ஆந்திர எல்லை. பக்கத்து ஊர்தானே என்று நினைக்கக் கூடாது. எல்லை தாண்டினால் வேறு மாநிலம்.

வண்டி மேல் கடன் இருந்தால், விற்பதற்கு முன் கடனை அடைத்து வங்கியிடம் சான்றும் படிவம் 35ம் வாங்குங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாங்குபவர் 14 நாளுக்குள் காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் உங்கள் கணக்கோடு இணைந்தது. அதை மூடச் சொல்லி, கிழித்து எடுங்கள். இல்லாவிட்டால் அவர் சுங்கச்சாவடி தாண்டும்போதெல்லாம் உங்கள் பணம் போகும்.

ஒரு மாதம் கழித்து, பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் பாருங்கள்.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கணக்கிலிருந்து பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது இந்தியா முழுவதற்கும் பொதுவான எண். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வண்டியே போய்விட்டால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, நகல் வாங்குங்கள்.

ரசீது எழுதிப் பழகுவோம்

கீழே உள்ளதை உங்கள் நோட்டில் எழுதுங்கள். கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். இரண்டு படி எழுத வேண்டும். ஒன்று அவருக்கு, ஒன்று நமக்கு. 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன் மேல் கையெழுத்திடுங்கள்.

விற்பனை ரசீது
இடம் ............ தேதி ............ நேரம் ............
......... என்ற பதிவு எண், ......... என்ஜின் எண், ......... சேசிஸ் எண் உள்ள என் காரை ............ என்பவருக்கு ............ ரூபாய்க்கு (எழுத்தில் ............) விற்றேன். முன்பணம் ............ ரூபாய், மீதி ............ ரூபாய், ............ வழியாக என் கணக்கில் வந்து சேர்ந்தது. யு.டி.ஆர். எண் ............ . மேற்கண்ட தேதி, நேரம் முதல் வண்டியால் வரும் அபராதம், விபத்து, வழக்கு ஆகியவற்றுக்கு வாங்கியவரே பொறுப்பு.
விற்றவர் கையெழுத்து ............ வாங்கியவர் கையெழுத்து ............
சாட்சிகள் 1. ............ 2. ............

இந்த ரசீது நமக்கும் வாங்கியவருக்கும் இடையில் உதவும். ஆர்.சி.யில் பெயர் மாற்றுவதற்கு இது ஈடாகாது. இரண்டும் வேண்டும்.

புதிய சொற்கள்

இருப்பு - கணக்கில் உள்ள பணம்
வரவு - கணக்குக்குள் வந்த பணம்
முன்பணம் - அட்வான்ஸ்
வரைவோலை - டி.டி.
தடையில்லாச் சான்று - என்.ஓ.சி.
யு.டி.ஆர். - வங்கி வழியாக அனுப்பிய பணத்தின் அடையாள எண்

கணக்குப் போடுவோம்

1. காரின் விலை 1,90,000 ரூபாய். முழுவதும் 500 ரூபாய் நோட்டாகத் தருகிறார். எத்தனை நோட்டுகள் இருக்க வேண்டும்?
2. 100 நோட்டுகள் ஒரு கட்டு. அந்தப் பணத்தில் எத்தனை முழுக் கட்டுகள்? மீதி எத்தனை நோட்டுகள்?
3. ஒருவர் காரை விற்று முதல் நாள் 1,50,000 ரூபாயும், அடுத்த வாரம் 60,000 ரூபாயும் ரொக்கமாக வாங்கினார். மொத்தம் எவ்வளவு? இது சட்டப்படி சரியா?
4. முன்னால் இருப்பு 4,300 ரூபாய். இப்போது 94,300 ரூபாய். பேசிய விலை 95,000 ரூபாய். எவ்வளவு குறைகிறது? சாவி கொடுக்கலாமா?

விடைகள்: 1. 380 நோட்டுகள். 2. 3 கட்டுகள், மீதி 80 நோட்டுகள். 3. 2,10,000 ரூபாய், சரியல்ல. 4. 5,000 ரூபாய் குறைகிறது, கொடுக்கக் கூடாது.

கலந்து பேசுவோம்

1. முதலில் பேசியவர் விலையைக் குறைக்கவே இல்லை. அது ஏன் சந்தேகத்துக்கு உரியது?
2. பங்காருப்பேட்டைக்காரர் நல்லவர். அவரிடம் செக் வாங்கி வண்டியைக் கொடுத்திருக்கலாமா? உங்கள் கருத்து என்ன?
3. "இப்பவே வேணும்" என்று ஒருவர் அவசரப்படுத்தினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? இருவர் நடித்துக் காட்டுங்கள்.

செய்து பார்ப்போம்

உங்கள் பாஸ்புத்தகத்தை எடுங்கள். கடைசி வரியைப் படியுங்கள். தேதி, வரவு, இருப்பு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். வங்கியிலிருந்து உங்கள் போனுக்கு வந்த ஒரு குறுஞ்செய்தியைத் திறந்து, அனுப்பியவர் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் காரோ இருசக்கர வண்டியோ இருந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளது என்று படித்து, அடுத்த வகுப்பில் வந்து சொல்லுங்கள்.